இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு டிரெய்லர்

டிரெய்லரின் அடிச்சட்டம் எங்கள் முற்றத்தில் வந்து இறங்கிய அன்று அண்ணன் முன்கட்டிலிருந்து நடந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு நீள இரும்பு, குறுக்கே நாலைந்து கம்பி, துருப்பிடித்த ஓர் அச்சு.

“ஏட்டி, இது யாரைத் தூக்கிட்டுப் போறதுக்கு?” என்றான்.

அவன் கண்ணுக்கு அது பாடை மாதிரித் தெரிந்திருக்கிறது.

“ஒங்களைத்தான்,” என்றேன்.

அதற்குப் பிறகு வண்டி முழுதாக உருவாகி நிற்கும் வரை நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மிகவும் குறைவு. பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடு அது. அவர் போன பிறகு முன்கட்டு அண்ணனுக்கும் பின்கட்டும் பின்முற்றமும் எனக்கும் என்று ஆனது. தெருவிலிருந்து உள்ளே வரும் பாதையும் வாசலும் இருவருக்கும் பொது. இப்படி எழுதும்போது ஏதோ உட்கார்ந்து பேசி முடிவு செய்தது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. எங்கள் சைவக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் நகையையும் சீரையும் வாங்கிக்கொண்டு, சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அம்மா போட்டாள், அத்தைகள் போட்டார்கள். அண்ணனும் பத்திரத்தை டைப் அடித்து, பேனா மூடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினான். நான் போடவில்லை. அதுவரை அவனை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ‘நீங்க’. எங்கள் பக்கத்தில் மரியாதையைப் போல ஆளைத் தள்ளி நிறுத்துவது வேறொன்றும் இல்லை.

என் கணவர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். அண்ணனும் நானும் முறைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “கோர்ட்டுல வேலை பாக்கிறவன் கோர்ட்டுக்குப் போவ மாட்டான்” என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரியும். அவருக்கு எதிலும் சண்டை கிடையாது. என் அண்ணனோடும் கிடையாது. முடிவெட்டிக்கொள்ளக்கூட இருவரும் ஒரே கடைக்குத்தான் போவார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பிரிவில் பாடம் நடத்துகிறேன். ஸ்பிரிங் பட்டையும் அச்சும் பிரேக்கும் கரும்பலகையில் வரைந்து அழித்துக்கொண்டே தலை நரைத்துவிட்டது. ஒரு முழு வண்டியை என் கையால் செய்ததில்லை. எங்களிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. லீவு கிடைத்தால் அதில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு செம்மணல் தேரிக்காடு, அணைக்கட்டுப் பக்கம், கடற்கரை என்று சுற்றுவோம். கணவருக்கு இடுப்புத் தட்டு விலகிய பிறகு தரையில் படுக்க முடியாமல் போனது. அப்போதுதான் யோசித்தேன்: படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு சின்ன அறையை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனால் என்ன? ரோடு இல்லாத இடத்துக்கும் அது வர வேண்டும். விற்பனைக்கு வருகிறவை எல்லாம் நெடுஞ்சாலைக்குச் செய்தவை. தேரி மணலில் அரை நாள் தாங்காது.

“ஒங்க முதுகுக்குத்தான் செய்யுதேன்,” என்றேன் அவரிடம்.

“செய்யி,” என்றார். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

பந்தல்காரர் ஒருவர் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டிருந்த டிரெய்லர் அது. ஆர்.சி. சரியாக இருந்ததால்தான் வாங்கினேன். புதிதாக ஒன்றைச் செய்து பதிவுக்கு அலைவதைவிட இருக்கிற ஒன்றை மாற்றி அனுமதி வாங்குவது சுலபம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுவும் சுலபமாக இல்லை. அந்தக் கதையை எழுதினால் எனக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறும்.

வரைபடத்தைத் தயார் செய்துகொண்டு மேலப்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“டீச்சர், இது கோழிக்கூடு. நான் அங்கன பாலைவனத்துல இந்த மாதிரி வண்டி பாத்திருக்கேன். அதெல்லாம் ஆள் நிமிந்து நிக்கிற உயரம். இதுல குனிஞ்சுகிட்டே பொண்டாட்டியும் புருசனும் என்னத்த செய்விய?”

“படுக்கத்தான் பாய். நிக்கணும்னா வெளிய நிக்கலாம்.”

“யாராவது கேட்டா நான் செஞ்சேன்னு சொல்லாதிய.”

“நீங்க செய்யப் போறதே இல்ல. அச்சை அகலப்படுத்தித் தாங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஜீப்பின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளி டிரெய்லருக்கும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஜீப் மணலை அமுக்கி விட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். தனித்தடம் போட்டால் அதுவே ஒரு கலப்பை. அறையை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒடுக்கமாக வைத்தேன். பின்பக்கத்து அடிப்பாகத்தை மேல்நோக்கிச் சாய்த்து வெட்டினேன், மேட்டிலிருந்து இறங்கும்போது வால் தரையில் இடிக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைத்தேன். வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற இடத்துக்குப் பழைய லாரியின் புரொப்பல்லர் ஷாப்டிலிருந்து எடுத்த ஜாயின்டைப் போட்டு, அதன் பின்னால் தானாகச் சுழலும் ஒரு முளையையும் வைத்தேன். ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தாலும் அது முறுக்கிக்கொண்டு தாங்கும்.

பாய் அந்த ஜாயின்ட் உடையும் என்றார், நான் உடையாது என்றேன். அவர் பட்டையில் கனம் போதாது என்றார். கூட ஒரு பட்டை வைத்தால் குதிரை மாதிரிக் குதிக்கும் என்றேன். ஒருநாள் இருவரும் கத்திய கத்தில் பக்கத்துப் பீடிக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஜாயின்ட் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. பட்டை விஷயத்தில் இன்றுவரை இருவருக்கும் தீர்ப்பு வரவில்லை.

வெல்டிங்கும் கிரைண்டிங்கும் என் முற்றத்திலேயே நடந்தது. பெட்டிக்குச் சதுரக் குழாய் சட்டம், வெளியே கடைப் பலகைகளுக்கு ஒட்டுகிற ஏ.சி.பி. ஷீட், உள்ளே பிளைவுட், இரண்டுக்கும் நடுவே தெர்மோகோல். சாயங்காலம் காலேஜிலிருந்து வந்ததும் சேலையை மாற்றிவிட்டு, பழைய சட்டையும் வெல்டிங் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இறங்குவேன். கிரைண்டரை இரும்பில் வைத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, சரியாக அந்த நேரத்தில்தான் டி.வி.யில் தொடர் வரும். ஆரம்பத்தில் அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நேரம் தவறியதே இல்லை.

மதினி நேரே வந்து சண்டை போடுகிறவள் அல்ல. அவள் தன் கட்டு ஜன்னல் வழியாக யாரிடமோ போனில் பேசுவது போலப் பேசுவாள்.

“ஒண்ணும் இல்லக்கா, பக்கத்துல கொல்லப்பட்டறை போட்டிருக்காவ. பொம்பளை வேலைக்குப் போயி சம்பாதிக்கா, சாயங்காலம் இரும்படிக்கா. சோறு யாரு பொங்குதாவளோ, அது முருகனுக்குத்தான் வெளிச்சம்.”

அடுத்த வாரம் முதல் அவள் வீட்டுத் துணி துவைக்கிற தண்ணீர் எல்லாம் பாதை வழியாக என் முற்றத்துக்கு வர ஆரம்பித்தது. வெல்டிங் வயர் கிடக்கிற இடத்தில் தண்ணீர். நான் செங்கல் வைத்து அணை கட்டினேன். தண்ணீர் திரும்பி அவர்கள் கார் நிற்கிற இடத்தில் குளம் கட்டியது. அதன்பின் துணி மாடியில் துவைக்கப்பட்டது.

பிறகு மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். குடியிருப்புப் பகுதியில் தொழிற்சாலை நடப்பதாக மனு வந்திருக்கிறதாம். யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிரெய்லரைப் பார்த்ததும் அவர் மனுவை மறந்துவிட்டார். உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தார். “இதுல குத்தாலம் போலாமா?” என்று கேட்டார். போகலாம் என்றேன். இறங்கும்போது, “ராத்திரில மட்டும் சத்தம் வேண்டாம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். முன்கட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

பெட்டி முடிந்து, பின்கதவும் இடது பக்கம் முன்னால் ஒரு சின்னக் கதவும் பக்கவாட்டில் ஜன்னலும் பொருத்தி, மெத்தையும் போட்டாகிவிட்டது. பெயிண்டும் அடித்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் அம்பாசமுத்திரத்தில் கணவரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் வழக்கமில்லாத வழக்கமாக, மறுவீடு வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவர் சொந்தக்காரர்கள் அவரைப் பற்றி எதுவுமே நினைப்பதில்லை. என்றாலும் இருந்தேன். தாமிரபரணியில் இறங்கிக் குளித்தேன், ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து கதை பேசினேன்.

திரும்பி வந்தபோது பொது வாசலில் பழைய இரும்புக் கதவைக் காணோம். இரண்டு பக்கமும் புதிதாகச் செங்கல் தூண் எழும்பி நின்றது. பூச்சு வேலைகூட முடிந்து ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். நடுவே விட்டிருந்த இடத்தில் அண்ணன் கார் போகும். ஜீப்பும் கண்ணாடியை மடக்கினால் போகும். டிரெய்லரின் சக்கரத்துக்கு வெளியே அச்சோடு பற்றவைத்த மட்கார்டு நீட்டிக்கொண்டிருப்பதால் அது போகாது. டேப்பை எடுத்து அளந்தேன். அண்ணன் என்னைவிட நன்றாக அளந்திருந்தான்.

அவன் தன் கட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

“வாசல் பொதுவா இல்லையா?” என்றேன்.

“பொதுதான். ஒன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே, எல்லாம் என் செலவு.”

“எதுக்குத் தூண்?”

“திருட்டுப் பயம். பேப்பர்ல பாக்கலையா? பக்கத்துத் தெருவுல பூட்டை ஒடைச்சிருக்கான். அதான் சுவத்து மேல கண்ணாடிச் சில்லும் பதிச்சிருக்கேன், பாரு.”

பார்த்தேன். தெருப்பக்கத்துச் சுவர் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகச் சில்லுகள்.

“வண்டி எப்படி வெளிய போகும்?”

“எனக்கெப்படித் தெரியும்? நீதான ஆட்டோமொபைல் டீச்சர். நெல்லையப்பர் தேருன்னு நெனச்சுச் செஞ்சிட்ட. ஊர் கூடித்தான் இழுக்கணும்.”

அன்று நான் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்ததற்குக் காரணம் என் கணவர்தான். கையைப் பிடித்துக்கொண்டு, “தூணை ஒடைச்சா கிரிமினல் கேஸ் ஆகும். இடிக்க ஆர்டர் வாங்கணும்னா வருசக் கணக்காகும். விட்டுரு,” என்றார். பிறகு இன்னும் மெதுவாக, “வண்டி இங்கனயே நிக்கட்டுமே. பேரப்பிள்ளைகள் வந்தா விளையாடும்,” என்றார். எங்களுக்குப் பேரப்பிள்ளைகளே இல்லை. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நான் கொஞ்ச நாள் அந்தத் தூண்களை வெறித்துப் பார்த்துக்கொண்டே காலேஜுக்குப் போய் வந்தேன். பிறகு ஒன்று உறைத்தது. அகலமாக இருப்பது அச்சும் சக்கரமும்தான். பெட்டி ஒடுக்கம். பட்டையோடு சேர்த்து அச்சைக் கழற்றி எடுத்துவிட்டால் பெட்டி அந்த வாசலில் நுழையும். இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்கூட மிஞ்சும். கீழே இரும்புக் குழாய்களைப் போட்டு உருட்டிக்கொண்டே தெருவுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து அச்சை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாயிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அப்பவே ஒயரமாச் செஞ்சிருந்தா இந்தத் தொல்லை இருக்காது,” என்றார். உயரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, ஆள் தேவைப்பட்டதால் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பட்டறை ஆட்களோடு வந்தார். என் கணவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு என்றார். சரி என்றேன். ஜாக்கி வைத்துத் தூக்கி அச்சை உருவினோம். பெட்டியைக் குழாய்கள் மேல் இறக்கினோம். முன்னால் கயிறு, பின்னால் தள்ள ஆள். பாதை நெடுக நன்றாகவே உருண்டு வந்தது. தெருவில் பால் வாங்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

பெட்டியின் முன்பாதி தூண்களைத் தாண்டித் தெருவுக்குப் போனதும் டக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். பட்டையைத் தாங்குகிற இரும்புக் காது ஒன்று சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூணின் அடியில் கொத்தனார் அலங்காரத்துக்கு ஒரு சுற்றுப் புடைப்பு வைத்திருந்தார். இரும்பு அதில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலை ஒரு பெட்டி அடைத்துக்கொண்டு நின்றது.

பாய் தூணைத் தட்டிப் பார்த்தார். “டீச்சர், பைய ஒரு சில்லு எடுத்திரவா? பூச்சுதான்.”

அண்ணன் உள்ளேயிருந்து வந்துவிட்டான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் திருநீறு.

“தூண்ல ஒரு மணல் உதிர்ந்தாலும் போலீஸ் வரும். எவனும் கை வைக்கப்படாது.”

“ஒரு பயலும் வைக்கல அண்ணாச்சி,” என்றார் பாய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அப்போதுதான் மதினியும் வெளியே வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ, கையில் தாம்பாளம். அவள் தங்கை மகளுக்கு டவுனில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டுத் தரப்பில் என் அண்ணன்தான் பெரியவர், தட்டு மாற்ற வேண்டியவர். அவர்கள் போகாமல் எதுவும் நடக்காது. வாசலில் என் பெட்டி. சுவரில் அண்ணன் பதித்த கண்ணாடிச் சில்லு.

“எடுக்கச் சொல்லுங்க,” என்றான் அண்ணன். என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து.

“மாட்டிக்கிட்டு நிக்கி,” என்றேன் நான்.

“முகூர்த்தம் முடியதுக்குள்ள போகணும்.”

“தூணைத் தட்டினா ஒடனே போகும்.”

அவன் திரும்பினான். தூணைப் பார்த்தான். புதுப் பூச்சு, அவன் கட்டியது. மதினியின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மதினிதான் கேட்டாள், நேராக என்னிடம், அந்த வருஷத்தில் முதல் தடவையாக.

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. பின்கதவு இந்தப் பக்கம் இருக்கு. முன்கதவு தூணைத் தாண்டித் தெருவுல இருக்கு. உள்ள ஏறி அங்கன இறங்கிக்கிடலாம். நிமிர முடியாது. தவழ்ந்துதான் போகணும்.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். நான் பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். மதினி தாம்பாளத்தை முதலில் உள்ளே தள்ளினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலிட்டு ஏறினாள். நடுவழியில் அவள் நின்று இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. “அடுப்புகூட வச்சிருக்கா,” என்று உள்ளேயிருந்து சொன்னாள். அது யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு தெருப்பக்கம் போய் இறங்கினாள். ஒரு பெண் கை கொடுத்தாள்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஏறினான். அவன் கனத்தில் குழாய்கள் முனகின. மெத்தையின் மேல் முழங்காலும் கையுமாகப் போனான். பாதியில் நின்றான், இல்லை, உட்கார்ந்தான். பெட்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே கூரையைத் தொட்டுப் பார்த்தான். வேர்த்திருந்தது அவனுக்கு.

“உள்ள ஒரே வெக்கை,” என்றான், ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னிடம். “மேல சூடு போறதுக்கு வழியே வைக்கல. இதுல படுத்தா இட்லி மாதிரி அவிஞ்சிருவிய.”

அது உண்மை. பக்கத்தில் ஜன்னல் வைத்தவள் கூரையில் ஒரு திறப்பு வைக்கத் தவறிவிட்டேன். எத்தனையோ தடவை உள்ளே படுத்துப் பார்த்திருக்கிறேன், எல்லாம் சாயங்காலத்தில். அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

“நீங்க எறங்குங்க, நிச்சயத்துக்கு நேரமாகுது,” என்றேன்.

அவர்கள் ஆட்டோவில் ஏறித் தெருமுனை திரும்பியதும் நான் கிரைண்டரை எடுத்து, மாட்டிக்கொண்டிருந்த இரும்புக் காதின் முனையை அறுத்தேன். கொஞ்ச நேர வேலைதான். தூணில் ஒரு கீறல் இல்லை. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே டீச்சர்?”

“செஞ்சிருக்கலாம்,” என்றேன்.

அவர் ஸ்பேனரை எடுக்கப் போனார். தெருவில் வைத்து அச்சை மாட்டினோம். திரும்ப உள்ளே கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை. பாயின் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் போய் நிறுத்தினேன். அடுத்த வாரம் கூரையை வெட்டி, மூடியோடு ஒரு திறப்பு வைத்தேன். யார் சொல்லி வைத்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பயணத்துக்கு உடன்குடிப் பக்கத்துத் தேரியைத் தேர்ந்தெடுத்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பப் பனங்காடு அங்கே இருந்தது. திருச்செந்தூர் சாலையில் போகும்போது டிரெய்லர் ஜீப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. வளைவில் ஆடவில்லை, பிரேக் போட்டால் தள்ளவில்லை. நான்தான் ஓட்டினேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடந்துபோகிற ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

தார் ரோடு முடிந்து சிவப்பு மணல் ஆரம்பித்தது. தேரி மணல் பார்க்கத்தான் பட்டு, காலை வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஜீப் போட்ட தடத்திலேயே டிரெய்லர் வந்தது. ஒரு மேட்டில் ஜீப் இடது பக்கம் சாய, டிரெய்லர் வலது பக்கம் சாய, நடுவே அந்த லாரி ஜாயின்ட் முறுக்கிக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். வாழ்க்கையில் நான் வரைந்த ஒரு படம் தானாக நடந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். அடுத்த மேட்டில் சக்கரங்கள் புதைந்தன.

இறங்கி டயர்களில் காற்றை இறக்க ஆரம்பித்தேன். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகி மணல் மேல் மிதக்கும். உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. பனை ஓலைகள் மட்டும் சரசரத்துக்கொண்டிருந்தன. கணவர் ஒரு பனைமரத்து நிழலில் நின்றார். நான் இரண்டாவது டயருக்குப் போகும்போது பேசினார்.

“தூண் கட்டப் போறான்னு எனக்கு முந்தியே தெரியும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ஒங்க அண்ணன் கோர்ட்டு வாசல்ல வந்து என்னைப் பாத்தான். நீங்க கல்யாணத்துக்குப் போற நேரத்துல வேலையை முடிச்சிரலாம்னு இருக்கேன், சீக்கிரம் கூட்டிட்டு வந்திராதியன்னு சொன்னான். சரின்னேன்.”

“எதுக்கு?”

“வண்டி வெளிய வராதுன்னா நீ விட்டிருவன்னு நெனச்சேன்.”

டயரிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருந்தது. நான் அதை மூடவில்லை.

“வேண்டாம்னா வேண்டாம்னு என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“நீ கண்ணாடியை மாட்டிக்கிட்டு நெருப்புப் பறக்க நிக்கும்போது யாரு வந்து சொல்லுதது? ஊரெல்லாம் என் முதுகுக்குச் செய்யுதேன், முதுகுக்குச் செய்யுதேன்னு சொன்ன. என் முதுகு வீட்டுக் கட்டில்ல நல்லாத்தான் கெடக்கு. எனக்கு இந்த மணலும் வேண்டாம், மேடும் வேண்டாம். முந்தியும் ஒனக்காகத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். தட்டு விலகினப்ப, சரி, இனிமே வர வேண்டாம்னு எனக்குள்ள ஒரு நிம்மதி. நீ அதுக்கும் ஒரு வண்டி செஞ்சிட்ட.”

இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் செய்ததுகூட எனக்குப் புரிந்தது. எதிரி எதிரியாக நடந்துகொண்டான். இது வேறு. என் வீட்டுக்குள் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, நான் கிரைண்டர் பிடிக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எனக்கென்று சொல்லியே செய்திருப்பேன். செய்திருக்கத்தான் செய்வேன்.

“உடன்குடியில இருந்து பஸ் இருக்கு,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

கருப்பட்டிப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன லோடு வண்டி தார் ரோட்டில் போவது தெரிந்தது. அவர் கையை ஆட்டிக்கொண்டே இறங்கி நடந்தார். முதுகு வலி உள்ளவர் மாதிரி நடக்கவில்லை. வண்டி நின்று ஏற்றிக்கொண்டு போனது.

நான் மீதி டயர்களிலும் காற்றை இறக்கினேன். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரித்தேன். ஜீப்பைச் சின்ன கியரில் போட்டுப் பைய எடுத்தேன். ஒரு திணறல், பிறகு ஏறிவிட்டது. மேட்டின் மேல் நிறுத்தி, உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன். உப்பு அதிகம். கூரைத் திறப்பைத் தூக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். கடல் காற்று வந்தது. நன்றாகத் தூங்கினேன். அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் முன்கட்டில் அண்ணனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இப்போதும் சாயங்காலங்களில் அங்கேதான் குடிக்கிறார், ஒளிவு மறைவு இல்லாமல். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கரண்டு பில், மகளுக்கு வரன், மழை வந்தால் ஒழுகுகிற இடம் இதெல்லாம் பேசிக்கொள்கிறோம். தேரியைப் பற்றிப் பேசுவதில்லை. தூண்கள் நிற்கின்றன. டிரெய்லர் மேலப்பாளையத்தில் நிற்கிறது. நிற்கிற இடத்துக்காகப் பாய் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்று கேள்வி. அதற்கு ஒருநாள் போய்ச் சண்டை போட வேண்டும்.

லீவு விட்டால் நான் மட்டும் போகிறேன். போன தடவை சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தனியாவா வந்திய?”

“ஆமா.”

“வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?”

“சொல்லுவாவ.”

அவள் துணியைப் பிழிந்து கல்லில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து, ஈரச் சேலையோடு மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். மெத்தை உறையில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது.

“எந்திரிங்க,” என்றேன்.

அவள், மதினியைப் போலவே, இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.